காற்றுப் பிரிந்தால்தான் தேநீர்

12.03.2024, செவ்வாய் — பதுளை, ஆஸ்பத்திரி

முறுக்கிக்கொண்ட குடலை ஒபரேஷன் செய்து நேராக்கி, வயிற்றைத் தைத்தாகிவிட்டது. இனிக் காற்றுப் பிரிந்தால்தான் வாயில் தண்ணீர். டொக்டர் மயூரி வந்து, "காத்துப் பிரிஞ்சதோ?" என்று கேட்டார். வார்ட் முழுவதும் என் பதிலுக்குக் காத்திருந்தது. இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு இப்படி ஒரு பரீட்சை.

13.03, புதன்

இல்லை.

ஏன் இல்லை என்று டொக்டரைக் கேட்டேன். குடல் சுவரில் தசைச் செல்கள் ஒட்டி நிற்கின்றனவாம். ஒட்டிய இடத்தில் பொடித் துளைகள். அவற்றின் வழியே மின்சாரம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும், எல்லாம் சேர்ந்து சுருங்கும். தாளம் எடுத்துக் கொடுக்கத் தனியாகச் சில செல்கள். கத்தி பட்ட அதிர்ச்சியில் எல்லாம் முடங்கிக் கிடக்கின்றன. அதாவது வயிற்றுக்குள் கங்காணி நிற்கிறான், வேலைக்கு ஆள் இறங்கவில்லை. பேச்சுவார்த்தைக்கு யாரை அனுப்புவது?

14.03, வியாழன்

என் கணவர் ரமேஸுக்குக் கொழும்பு வேலையில் லீவு இல்லை. அதனால் மாமனார்தான் ஹாலி-எலயிலிருந்து பஸ் பிடித்து வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே கடமுடா. வந்துவிட்டது! ஆனால் மாமனார் முன்னாலா? மேலே எல்லாம் தன்னால் நடக்கும், கடைசிக் கதவு மட்டும் நம் கையில் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கதவை இறுக்கிப் பூட்டினேன். அவர் போன பிறகு எவ்வளவு முக்கியும் ஒன்றுமில்லை. போடி பைத்தியக்காரி.

15.03, வெள்ளி

வாந்தி. வயிறு மேளம் மாதிரி. மூக்கில் குழாய் போட்டுவிட்டார்கள். நாளையும் இல்லையென்றால் ஸ்கேன், மறுபடி திறக்கவும் நேரலாமாம். நேற்று அடக்கியதைச் சொன்னேன். டொக்டர் சிரிக்கவில்லை.

"இது அதால மட்டும் வந்தது இல்லை. ஆனா இனி ஆர் நிண்டாலும் அடக்காதேங்கோ."

பயமா இருக்கு. நெசமாவே பயமா இருக்கு. இன்னொரு தடவ அந்த மேசையில படுக்க என்னால முடியாது.

16.03, சனி

போயிற்று. மாமனார் முன்னால்தான். நீளமாக, பக்கத்துக் கட்டில் ஸிஹாமா ஓதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்குமளவு. போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். மாமனார் எழும்பி நர்ஸிடம் போவது கேட்டது.

"மிஸ், எங்க புள்ளைக்குக் காத்து போயிருச்சுங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

சாட்சி வேறு.

18.03, திங்கள்

குழாயைக் கழற்றிவிட்டார்கள். தோட்டத்து லயன் வீட்டில் எப்போதும் மாமனார் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் எனக்குச் சோறு. இன்று அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து நீட்டினார். நான் படுத்தபடியே வாங்கித் தின்றேன்.