குழாயில் முடிந்த கயிறு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், சலூனும் ஏதோ ஓடுகிறது. நீ கரையில் இருக்கும்போதே இது உன் கைக்கு வந்துவிட வேண்டும், இப்போதைக்கு அதுதான் என் வேண்டுதல்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. லீவு நாளில் நீ நீச்சலுக்குப் போவதாகத்தான் இன்னமும் நம்புகிறாள். முதுகில் சிலிண்டர்களைக் கட்டிக்கொண்டு, கடலடியில் கிடக்கிற கப்பலுக்குள் நுழைகிறாய் என்று சொன்னால் வீடு இரண்டாகிவிடும். பல் டாக்டரான உனக்கு ஊரார் வாய்க்குள் துழாவுவது போதாதா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்கூட இறங்குகிற நெட்டையன் இன்று முடிவெட்ட வந்தான். கழுத்தில் கத்தியை வைத்தால் நரம்பு துடிக்கிறது, எனக்குக் கை ஓடவில்லை. என்னடா என்றதும் கண்ணாடியைப் பார்த்தபடியே கொட்டிவிட்டான். போன தடவை திரும்பும்போது நீ முன்னால் வந்துவிட்டாயாம், சேறு கிளம்பி ஒன்றும் தெரியவில்லையாம், வெளியே வர வழி தெரியக் கட்டிப்போன கயிறு அவன் சிலிண்டரில் சுற்றிக்கொண்டதாம். பயத்தில் அறுத்து, உள்ளே போகிற கயிற்றின் முனையைக் கைக்கு அகப்பட்ட குழாயில் கட்டிவிட்டு எப்படியோ வெளியே வந்திருக்கிறான். உன்னிடம், வாசல்ல வலை சிக்குது, கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டியிருக்கேன், நேர் வழிதான் என்று புளுகியிருக்கிறான். தெரிஞ்சா என்னை இனிமே சேர்த்துக்க மாட்டா மாமா என்று அழுகிறான்.

நேர் வழி இல்லையம்மா. அந்தக் குழாயருகே இரண்டு வாசலாம், அவனே சொன்னான், ஒன்று வெளியே, ஒன்று கீழே சரக்கறைக்கு. போகும்போது கீழ்வாசல் உன் முதுகுப்பக்கம் இருக்கும், கண்ணில் படாது. திரும்பும்போது சேறு கலங்கினால் உன் கை குழாயோடு நின்றுவிடும், வெளிவாசல் என்று நினைத்துக் கீழ்வாசலில் நுழைந்துவிடுவாய். எனக்குப் பயமாயிருக்கிறது, சொல்லிவிட்டேன். இறங்காதே என்றால் கேட்கமாட்டாய், வாசலுக்கு வெளியிலிருந்து உன் கையாலேயே புதுக் கயிறு கட்டிப் போ. உன் போன் கிடைக்கவில்லை. துறைமுக ஆபீசில் கேட்டால், படகு வந்தா சொல்றோம் என்று வைத்துவிட்டார்கள். அம்மா வேறு, யாருக்கு இவ்வளவு நேரம் எழுதுறீங்க என்று எட்டிப் பார்க்கிறாள்.

உன்னிடம் சீக்கிரம் வந்து சேருகிறவன் நெட்டையன் ஒருவன்தான். இன்றைக்கே கிளம்புகிறான், அதனால் அவன் கையிலேயே கொடுக்கிறேன். கொடுத்துடுவேன் மாமா என்றான், என் முகத்தைப் பார்க்காமல். நான் எழுதி முடிக்கட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

நூறு வருஷம் நன்றாயிரு. படித்ததும் ஒரு வார்த்தை பேசு. அதுவரைக்கும் அவன் கொடுத்தானா என்று எனக்குத் தெரியாது.

உன் அப்பா