கயானோவின் இரட்டை வட்டங்கள்

ஜூன் 9

மழை. இருபத்தேழு குடைகள், இருபத்தேழு ஜோடி ஈரக் காலுறைகள், இருபத்தேழு வாசிப்பு அட்டைகள். குடையும் காலுறையும் பரவாயில்லை, அட்டைகள்தான் என் உயிரை வாங்குகின்றன. தினமும் சாயங்காலம் பிள்ளை பாடத்தை உரக்கப் படிக்க வேண்டும். வீட்டில் யாராவது கேட்டு அட்டையில் குறி போட வேண்டும். பிரமாதம் என்றால் இரட்டை வட்டம், சுமார் என்றால் ஒற்றை வட்டம், திணறினால் முக்கோணம். மறுநாள் காலை எல்லாவற்றின் மீதும் நான் முத்திரை குத்த வேண்டும். சிரிக்கும் கரடிக்குட்டி முத்திரை. அந்தக் கரடியைப் பார்த்தாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஓதா வீட்டில் இந்த வாரம் முழுவதற்கும் இன்றைக்கே குறி போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தம்மாவுக்கு ஞானதிருஷ்டி போலிருக்கிறது. முக்கோணம் என்று ஒன்று இருப்பதே இந்த ஊர்ப் பெற்றோர் யாருக்கும் தெரியாது.

கயானோ மினகுச்சிக்குப் பள்ளி திறந்த ஏப்ரலிலிருந்து ஒருநாள் தவறாமல் இரட்டை வட்டம். ஆனால் அவளுக்குத் தகும். கூரைக்கு ஓடு வேய்கிறவர் மகள், வாயைத் திறந்தால் வானொலிச் செய்தி. அடுத்த மாதம் பெற்றோர் வந்து பார்க்கும் வகுப்பில் அவளைத்தான் எழுப்பப் போகிறேன். பதினெட்டு வருடம் ஆறாம் வகுப்பு எடுத்த என்னை இந்த ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகளோடு கொண்டுவந்து தள்ளிய துணைத் தலைமையாசிரியர் குரிமோதோ, பின்வரிசையில் நின்று வாயைப் பிளக்க வேண்டும்.

ஜூன் 13

என்ன எழுதுவது? எங்கே ஆரம்பிப்பது?

தவளை குடை வாங்கப் போகிற பாடம். கயானோவை எழுப்பினேன். புத்தகத்தை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஜன்னல் வழியே காற்று வந்து அவள் புத்தகத்தில் இரண்டு பக்கங்களைப் புரட்டிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. தவளை கடைக்காரரிடம் பேரம் பேசுவதை ஏற்ற இறக்கத்தோடு படித்துக்கொண்டே போனாள். திறந்திருந்த பக்கத்தில் தவளை கதை முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

“டீச்சர், கயானோ வேற எதையோ படிக்கிறா!” என்றான் ஓதா.

“உன் வாயை மூடு, உன் பக்கத்தைப் பாரு” என்றேன்.

ஜூன் 14

பிள்ளைகள் போன பிறகு அவளை மட்டும் நிறுத்தினேன். தவளை என்ற சொல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு “தவளை” என்றாள். படத்தைக் கையால் மறைத்தேன். என் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினேன். பிள்ளைகள் முதலில் கற்கும் ஹிராகனாவின் நாற்பத்தாறு எழுத்தில் மூன்று தெரிகிறது. மூன்றும் அவள் பெயரில் இருப்பவை.

“அப்போ இவ்வளவு நாளா எப்படிப் படிச்சே?”

“நீங்க படிக்கறப்போ கேட்டுக்கிட்டேன். அப்புறம் சொன்னேன்.” கொஞ்சம் யோசித்தாள். “எல்லாரும் அப்படித்தானே டீச்சர் படிக்கிறாங்க?”

அவள் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. படிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருக்கிறாள். பக்கத்தில் இருக்கும் கறுப்புக் கோடுகள் எல்லாம் படத்துக்குப் போட்ட அலங்காரம். வேறு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இரண்டரை மாதமாக அவளுக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தவள் நான். எனக்கே தெரியலையே! என்னத்த டீச்சர் நான்?

ஜூன் 16

யாரும் பார்த்திராத நான்கு வரியை நானே எழுதி, இருபத்தேழு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படிக்க வைத்தேன். ஒன்பது பேர் தட்டுத் தடுமாறினார்கள், ஆனால் கரை சேர்ந்தார்கள். ஓதா கடகடவென்று படித்துவிட்டு “இது ரொம்ப மொக்கைக் கதை டீச்சர்” என்றான். கயானோ தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதற்காகத் தவளைக் கதையைச் சொன்னாள்.

குரிமோதோவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே பேசினார்.

“மத்த இருபத்தாறு பேரும் அதே பாடத்தைத்தானே கேட்டாங்க, ஹயசகா டீச்சர்? நவம்பர்ல கமிட்டி இருக்கு. அதுக்குள்ள படிச்சா சரி. இல்லேன்னா அடுத்த வருஷம், படிப்பு ஏறாத பிள்ளைங்களுக்குன்னு கீழ இருக்கற தனி வகுப்புக்கு அவ பேரை அனுப்பிடலாம்.”

கீழே இருக்கும் தனி வகுப்பு மோசமான இடமல்ல. இந்தப் பள்ளியில் உருப்படியாக வேலை நடக்கும் ஒரே அறை அதுதான். ஆனால் தேவைப்படுகிற பிள்ளை போக வேண்டிய இடம் அது. நான் சொல்லிக்கொடுக்காமல் விட்ட பிள்ளையை அனுப்பி, என் தப்பை மறைக்கிற இடமா?

ஜூன் 17

என் குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். வினையே அதுதான்.

ஜூன் 23

கீழே தனி வகுப்பு எடுக்கும் முகாய் சாரிடம் போனேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர், நாக்கில் மட்டும் வயது ஏறவில்லை.

“வாங்க டீச்சரம்மா. மாடியிலேர்ந்து மகாராணி இறங்கி வந்திருக்கீங்க. என்ன உடைஞ்சுபோச்சு?”

சொன்னேன். சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து வறுத்த சோயா பருப்பை எடுத்து வைத்தார். சகுரா என்று சொல்லச் சொன்னார். ச, கு, ரா. ஓசைக்கு ஒரு பருப்பு நகர்த்த வேண்டும். “முதல்ல காது. வார்த்தைக்குள்ள எத்தனை துண்டு இருக்குன்னு காது பிரிக்கணும். அதுக்கப்புறம்தான் கண்ணு. அந்தப் பொண்ணுக்கு முழுப் பாடமும் காதுல ஒரே கயிறா இறங்குது, துண்டு துண்டா இல்ல.”

பிறகு ஒரு தடித்த அட்டையில் ஓர் எழுத்து மட்டும் தெரியும் அளவுக்கு ஓட்டை வெட்டிக் கொடுத்தார். அதைப் பக்கத்தின் மேல் வைத்து நகர்த்த வேண்டும். அடுத்தது தெரியாது, படம் தெரியாது, ஊகிக்க முடியாது.

“முக்கியமான விஷயம், நீங்க வாயைத் திறக்காதீங்க” என்றார். “படிச்சுக் காட்டினீங்கன்னா அவ பிடிச்சுக்குவா. கெட்டிக்காரி.”

இருபத்து மூன்று வருட ஆசிரியை நான். வாயைத் திறக்காமல் இருக்க ஒரு டிகிரி வாங்க வேண்டும்போல் இருக்கிறது. பேசும்போது பருப்பில் பாதியை நானே தின்றுவிட்டேன்.

ஜூலை 4

பெற்றோர் வந்த நாள். பின்சுவரோடு வரிசையாக நின்றார்கள். ஓதாவின் அம்மா வகுப்பைக் கவனிக்காமல் சென்ட் அடித்துக்கொண்டிருந்தார். கயானோவின் அப்பா வேலை உடையிலேயே வந்திருந்தார், முழங்காலில் சிமெண்டு.

“யார் படிக்கிறீங்க?”

கயானோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள், கை உத்தரத்தைத் தொடுகிறது. அவளை எழுப்பியிருந்தால் தண்ணீராகக் கொட்டியிருப்பாள். கைதட்டல் கிடைத்திருக்கும். நான் ஓதாவை எழுப்பினேன். அவள் கை மெதுவாக இறங்கியது. இறங்கியபின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எனக்கு நரகத்தில் ஓர் இடம் உறுதி.

தாழ்வாரத்தில் அவர் என்னை நிறுத்தினார். தப்பாகப் பேசிவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார். “எங்க பொண்ணு ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா டீச்சர்?”

“மினகுச்சி சார், அவ படிக்கறப்போ நீங்க எங்க இருப்பீங்க?”

“அடுப்புகிட்ட. அவ அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுல சாயங்கால டூட்டி. நான்தான் வறுக்கறது, பொரிக்கறது. மேல புகை உறிஞ்சற ஃபேன் ஓடிட்டிருக்கும். ஆனா கேக்கும் டீச்சர், நல்லாக் கேக்கும்.”

“புத்தகத்தைப் பார்த்திருக்கீங்களா?”

இல்லை என்று தலையாட்டினார். அவரைச் சொல்லி என்ன? இந்த ஊரில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். முதுகைக் காட்டிக்கொண்டு கேட்கிறோம், இரட்டை வட்டம் போடுகிறோம். நானும் காதால்தான் கேட்டேன். அவள் படிக்கவில்லை, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டேன், ஒன்றும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் தன் முழங்காலில் இருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“ஃபேனை அணைச்சுடறேன்” என்றார் கடைசியில்.

ஜூலை 11

அட்டையில் முதல் முக்கோணம்! பக்கத்தில் கட்டை எழுத்தில் மினகுச்சியின் புலம்பல்: முன்பு தண்ணீர் மாதிரி படித்தாள், இப்போது ஒரு வரிக்கு ஆறு நிமிடம் ஆகிறது, மீன் கருகிவிட்டது, தயவுசெய்து பழையபடி ஆக்கித் தரவும்.

கரடிக்குட்டியை முக்கோணத்தின் தலையில் ஓங்கிக் குத்தினேன். இந்த வருடத்தில் எனக்குப் பிடித்த குத்து இதுதான்.

ஜூலை 18

பதினேழு எழுத்துகள். நாளை மறுநாள் கோடை விடுமுறை. நாற்பது நாள். புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினால் யாராவது படித்துக் காட்டுவார்கள், அவள் பிடித்துக்கொள்வாள். என்ன செய்ய?

ஆகஸ்ட் 8

கோடை வாழ்த்து அட்டை எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்பியாக வேண்டும். இருபத்தாறு பேருக்கு வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரே புளித்த வாசகம். கயானோவுக்கு மட்டும் வாரம் ஒன்று, நல்ல சரக்கு. இன்றைக்கு எழுதியது: “உன் டீச்சர் இன்று மூன்று ஐஸ் தின்றாள்.” படிக்க வேண்டுமே என்ற ஆசை வர வேண்டாமா? உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்காக யாராவது எழுத்துக் கூட்டுவார்களா?

ஆகஸ்ட் 14

பதில் அட்டை வந்தது. ஒரு கழிப்பறைப் படம். அதில் உட்கார்ந்திருப்பது நான்தான், என் கண்ணாடியை அப்படியே போட்டிருக்கிறாள்.

அவளே படித்தாளா, அப்பா படித்துச் சொன்னாரா? தெரியவில்லை. ஆனால் முகத்தில் வேதனை நன்றாக வந்திருக்கிறது.

செப்டம்பர் 5

விடுமுறையில் ஒன்பது எழுத்துப் போய்விட்டது. போனது போனதுதான். பருப்பு, ஓட்டை அட்டை, முதலிலிருந்து.

செப்டம்பர் 26

இன்றைக்கு அழுதாள். “முன்னாடி எனக்குப் படிக்கத் தெரிஞ்சுது. இப்போ தெரியல. நீங்கதான் பிடுங்கிட்டீங்க.”

உண்மைதானே. வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளையை, கடைசிப் பிள்ளை என்று அவளுக்கே காட்டிக்கொடுத்தது நான்தான். என்ன சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்தேன். மூக்கைத் துடைக்கத் தாள் கொடுத்தேன். எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். முகாய் சார் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. முதல் தடவையாக அது கஷ்டமாக இல்லை.

அக்டோபர் 10

முப்பத்தெட்டு. ஆனால் எழுத்து தனித்தனியாகத்தான் வருகிறது. ‘நெ’ என்கிறாள், ‘கோ’ என்கிறாள். இரண்டையும் சேர்த்தால் பூனை என்பது அவளுக்கு இன்னும் செய்தியாக வந்து சேரவில்லை.

அக்டோபர் 17

மதியச் சாப்பாட்டு நேரம். பால் அட்டைப்பெட்டியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. திடீரென்று நிமிர்ந்து, “டீச்சர்! இதுல பால்னு எழுதியிருக்கு!” என்று கத்தினாள்.

“பின்ன, பால் பெட்டியில சோயா சாஸ்னா எழுதுவாங்க?” என்றான் ஓதா. வகுப்பே சிரித்தது.

அவள் சிரிப்பைக் கவனிக்கவே இல்லை. பக்கத்து மேசை, அதற்கடுத்த மேசை என்று ஒவ்வொரு பெட்டியாகப் போய்ப் பார்த்தாள், எல்லாவற்றிலும் பால்தானா என்று. ஓதாவின் பெட்டியைக் கடைசியாகப் பார்த்துவிட்டு, “உன்னுதும் பால்தான்” என்றாள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 30

குரிமோதோ வகுப்புப் பக்கமே வராதவர், இன்று வந்தார். அடுத்த வாரம் தானே ஒரு புதுத் தாளோடு வந்து சோதிப்பாராம். நான் சோதித்தால் நம்பிக்கை இல்லையாம். “அந்தப் பொண்ணு எதையும் மனப்பாடம் பண்ணிடும்னு நீங்கதானே சொன்னீங்க?” என் ஆயுதத்தை வாங்கி என்னையே குத்திவிட்டுப் போனார். பால் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். “ஒரு வார்த்தை” என்றார்.

நவம்பர் 6

இப்போது எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

காலையில் முகாய் சார் வகுப்புத் தொலைபேசியில் கூப்பிட்டு, “இரண்டாவது பீரியட் வராரு, தயாரா இருங்க” என்றார். மறந்துவிடுவேன் என்று மஞ்சள் ஒட்டுத்தாளில் கிறுக்கி மேசையில் ஒட்டினேன். ஏழு மாதமாகக் கரும்பலகையில் பிள்ளைகளுக்காக ஹிராகனாவிலேயே எழுதி எழுதி, கை சொந்தக் குறிப்பையும் அப்படியே எழுதுகிறது. அதற்குமேல் யோசிக்கவில்லை.

மற்ற பிள்ளைகளை இசை வகுப்புக்கு அனுப்பினேன். குரிமோதோ வந்தார், கயானோவை என் நாற்காலியில் உட்கார வைத்தார், பக்கத்தில் குனிந்து நின்றார். உறையைப் பிரித்தார். கண்ணாடியைக் காணோம். ஒவ்வொரு பையாகத் தேட ஆரம்பித்தார். அவள் விரல் அதற்குள் மேசையில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது.

“கு… ரி… மோ… தோ…”

“அடடே!” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “என் பேரு! மேல படி, மேல படி.”

அப்போதுதான் அவள் விரல் எதன்மேல் இருக்கிறது என்று பார்த்தேன். இருமினேன். கையை நீட்டினேன்.

“தொந்தரவு பண்ணாதீங்க டீச்சர். பிள்ளை படிக்கட்டும்.”

“வ… ரு… கி… றார். கா… பி… நா… ற்… றம்.” ஓர் எழுத்தையும் விடவில்லை. வியர்க்க வியர்க்க, விரலை அழுத்தி அழுத்தி, கடைசி வரை போனாள். “ஜன்… ன… லைத்… திற… ந்து… வை.”

வாசித்து முடித்த பிறகும் அவள் உதடு அசைந்தது. துண்டுகளைச் சேர்ப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, ஜன்னலண்டை போய், குதிகாலைத் தூக்கிக் கொக்கியை நீக்கித் திறந்து வைத்தாள்.

நவம்பர்க் குளிர் உள்ளே வந்தது. குரிமோதோவுக்குக் கண்ணாடி சட்டைப் பையிலேயே கிடைத்தது. போட்டுக்கொண்டு மஞ்சள் தாளைத் தானும் ஒருமுறை படித்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார், அது எதற்கென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“இதை யாரும் அவளுக்குப் படிச்சுக் காட்டல, இல்லையா?”

“காட்டுவேனா சார்?”

நவம்பர் 7

கமிட்டிக்குப் போன பட்டியலில் கயானோ பெயர் இல்லை. முகாய் சார் கீழே இரண்டு முறை வாய்விட்டுச் சிரித்தது மாடிவரை கேட்டது.

எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி உத்தரவு. இடைவேளையில் என் மேசையிலேயே எழுதினேன். கயானோ தோளுக்குப் பின்னால் வந்து நின்று, “அது என்ன டீச்சர்?” என்று எட்டிப் பார்த்தாள். நல்லவேளை, முக்கியமான சொற்களையெல்லாம் அவள் இன்னும் படித்திராத சீன எழுத்தில்தான் எழுதியிருந்தேன். இடையிடையே இருந்த ஹிராகனாவைப் பொறுக்கிப் பொறுக்கிப் படித்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லுங்க என்று நிற்கிறாள். இனிமேல் இந்த அறையில் எதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.