கயிறு பிடித்த மாமாவுக்கு

மாமா,

உங்கள் புகையிலை டப்பாவை இன்று திறந்தேன். அந்தப் பேப்பர்த் துண்டு நாலாக மடித்தபடி அடியில் கிடந்தது. வாசம் இன்னும் போகவில்லை. அப்பா தூங்குகிறார். விளக்குத் திரியை இறக்கி வைத்து இதை எழுதுகிறேன். உங்களிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு.

சங்கு குளிக்கிற நாட்களில் அப்பா கடலில் முங்குவார். அம்மாவின் தம்பியான நீங்கள் தோணியில் கயிறு பிடிப்பீர்கள். முங்குகிறவனுக்கு மச்சினன்தான் கயிறு பிடிக்க வேண்டும், அக்காள் தாலியை நினைத்தாவது கண் அசர மாட்டான் என்பது நம் வழக்கம். உங்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் கீழே அப்பா கயிற்றை லேசாக அசைத்தாலும் உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். "மத்தவன் கத பேசிக்கிட்டே பிடிப்பான். இவன் பிடிச்சா வீட்டுல படுத்திருக்க மாதிரி இருக்கும்" என்பார் அப்பா.

பட்டணத்துப் பேப்பர்க்காரர் ஒருவர் அரை நாள் தோணியில் வந்தார். உங்களைப் பற்றி அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லையாம். "செவிடும் ஊமையுமான ஒரு பரிதாப ஜீவன், மைத்துனரின் தயவில் தோணியில் ஒண்டிப் பிழைக்கிறது" என்று எழுதிவிட்டார். உங்கள் பெயர்கூட இல்லை. என்ன போட்டிருக்கிறது என்று சாடையில் கேட்டீர்கள். எனக்குப் பயமாகிவிட்டது. கயிறு இழுப்பதுபோல் காட்டி, நெஞ்சை இரண்டு தரம் தட்டினேன். உங்கள் சாடையில் அது கெட்டிக்காரன்.

அடுத்த வாரமே தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி உங்களை நிறுத்திவிட்டார். ஊமையை நம்பி ஆளை இறக்குகிறான் என்று நாளைக்குத் தன்னையும் பேப்பரில் போடுவான் என்றாராம். அப்பா கெஞ்சியும் பலனில்லை. நீங்கள் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனீர்கள். நற்சாட்சிப் பத்திரம்போல நீட்டினீர்கள். அவர் படித்துவிட்டு வாசலில் நின்றவர்களிடம், "ஏலே, வேல கேட்டு இதயா கொண்டாந்திருக்கான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

திரும்பும் வழியில் மறுபடியும் கேட்டீர்கள். நான் மறுபடியும் நெஞ்சைத் தட்டினேன்.

பிறகு வேறொருவன் கயிறு பிடித்தான். காய்ச்சலில் கிடந்தபோது அப்பா நீட்டிய கஞ்சியை நீங்கள் வாங்கவில்லை, என்னிடம்தான் வாங்கினீர்கள். பேப்பரே புகழ்ந்திருக்க, அப்பாதான் உங்களை வேண்டாம் என்றதாக நினைத்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்போதும் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சலிலேயே போய்விட்டீர்கள்.

சாயங்காலம் அப்பாவிடம், அந்தப் பேப்பருக்கு எழுதலாமா என்று கேட்டேன். "பேப்பர்க்காரன் பக நமக்கு எதுக்குளா? பொம்பளப் பிள்ள பேரு அதுல வரவா?" என்றார்.

எழுதிவிட்டேன், மாமா. பள்ளிக்கூடம் போகிற வழியில் தபால் பெட்டியில் போட வேண்டும். அச்சடிப்பார்களோ என்னவோ. அப்பா அறிந்தால் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. தலைப்பில் உங்கள் பெயர், அடியில் என் பெயர். நடுவில் இருப்பது, பேப்பரில் இருப்பதாக அன்று நான் உங்களுக்குக் காட்டியதுதான்.