உன் எருமை சேர்ந்த சங்கம்

மச்சான், யாரும் நம்பப்போகாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன் என்று கொத்மலையின் அத்தனை மலைகளையும் சாட்சி வைத்துச் சத்தியம் செய்கிறேன். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிராவில் யாரோ பலாக்கொட்டை சுடுகிறார்கள். அந்த வாசனை என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், நீ இல்லாத உன் வயலில் விட்டுவிட்டது. உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இனி அதனாலென்ன?

கீழே கிராமத்தில் வயல் செய்த சிங்களச் சக்கரவர்த்தி நீ. மேலே தோட்டத்தில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த தமிழ்ச் சக்கரவர்த்தி நான். நடுவில் உன் எருமை. அது மூச்சுவிட்டால் இறம்பொடை அருவி மேல்நோக்கிப் பாயும். அதைத்தான் நீ தேயிலைக்குள் அவிழ்த்துவிடுவாய். பிடித்துக் கட்டச்சொல்லி என்னை அனுப்புவார்கள்.

"ஏன் மச்சான், வேணும்னே தானே விடுற?"

"எங்க தாத்தா காடு வெட்டிப் பயிர்செஞ்ச சேனைக்கு எங்க எருமை வருது. நீங்கதான் அதுல தேயிலை வச்சிருக்கீங்க."

"நானா வச்சேன்? வெள்ளக்காரன்தான் எங்க பாட்டனக் கூட்டியாந்து வைக்கச் சொன்னான்."

வெகுநேரம் சிரித்தாய். "சரி, தோட்டத்த எதிர்க்க ஒங்களுக்குத் தொழிற்சங்கம். எனக்கு எருமை." அன்றிலிருந்து நான் அதை மெதுவாகத்தான் பிடித்தேன்.

பிறகு எங்கள் சங்கத்துக்காரர் ஒருவரை, தோட்டத்தை நடத்துகிற துரை வேலையைவிட்டு விரட்டினார். வேலைநிறுத்தம் செய்தோம். துரை தோட்டத்தில் கொடுக்கும் அரிசியை நிறுத்திவிட்டு, கிராமத்திலிருந்து எதுவும் வராதபடி கீழ்ப்பாதையில் காவலும் போட்டார். பிள்ளைகள் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்துச் சுருண்டு கிடந்தன.

ஒரு மத்தியானம், மூடுபனிக்குள், உன் எருமை மேல்மலைத் தேயிலையில் ஏறியது. உழவுக்கு உனக்கிருந்தது அது ஒன்றுதான். காவல்காரர்கள் எல்லோரும் அதன் பின்னால் ஓட, நீ காலியான கீழ்ப்பாதையால் பலாக்காய் மூட்டையோடு எங்கள் வாசலுக்கு வந்தாய். அப்போதுதான் மேலே காவல்காரர்களின் துவக்கு வெடிக்கும் சத்தம் கேட்டது.

விரட்டப்பட்டவர் கடைசியில் வேலைக்குத் திரும்பிவந்தார். எருமை வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டிகளோடு உன் வயலில் இறங்கினோம். கொத்திய வேகத்தில் மண் பறந்துபோய்ப் பூண்டுலோயாக் கடைவீதியில் விழுந்தது. நீ வரப்பில் உட்கார்ந்திருந்தாய்.

"எப்புடி மச்சான் எங்க உழவு?"

"எருமை இவ்வளவு பேசாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நாங்கள் குனிந்து கொத்தினோம்.

இப்போது நீயும் போய்விட்டாய். இந்த மலையில் எதிர்த்து நிற்கிற பழக்கமே எங்கள் சங்கத்தோடுதான் பிறந்தது என்று மேடையில் முழங்குகிறார்கள். நானும் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறேன். மனசுக்குள் தேயிலையை மிதித்துக்கொண்டு உன் எருமை போகிறது.

அருவி, கடைவீதி எல்லாம் என் புளுகு. எருமைகூட நோஞ்சான்தான், விலா எலும்பு தெரியும். இதில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை, மச்சான். துவக்குச் சத்தம் கேட்டதும் நீ ஓடவில்லை. மூட்டையை அவிழ்த்து, "மொதல்ல சின்னப் புள்ளைங்க இருக்கிற வீட்டுக்குக் குடு" என்றாய். பிறகுதான் மேலே ஏறினாய்.