பாட்டு மட்டும் பாடும் மெஷின்

பரமத்தி வேலூர்
ஞாயிற்றுக்கிழமை

வித்யா கண்ணுக்கு அம்மா மயிலம்மாள் எழுதுவது.

இதைக் கொண்டுவந்து கொடுக்கும் உன் தங்கச்சியை முதலில் உள்ளே கூப்பிட்டு உட்கார வை. வழியெல்லாம் பயத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். என்ன ஆச்சு என்று பிரியாவைக் கேட்காதே. அவள் இப்போது யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அதனால்தான் அஞ்சாவதோடு நின்ற நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். வருகிற தையில் அவளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அது நடக்கக் கூடாது. அவள் திரும்பி இங்கே வரவும் கூடாது.

நீ போன பிறகு உனக்குக் காரியம் செய்தது உனக்குத் தெரியும் என்று உன் சிநேகிதி யாழினி சொன்னாள். எப்படிச் செய்தார்கள் என்று சொல்லியிருக்க மாட்டாள். நாலு ரோட்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த உன் ரெட்டைச் சடைப் போட்டோ. பேனர் அடிக்கிறவன், மறைந்த தேதி என்னன்னு போடறதுங்க என்று கேட்டான். நீயும் அறிவும் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணக் கையெழுத்துப் போட்ட தேதியை உன் அப்பா சொன்னார். அவரும் சித்தப்பா தனபாலும் மொட்டை போட்டுக்கொண்டார்கள். பந்தி நடக்கும்போது உன் பாப்பாயி அத்தை என் இடுப்பில் இடித்து, பெத்தவ அழுவற மாதிரியா இருக்குது, சத்தமா அழு, சனம் பாக்குதல்ல என்றாள். உசுரோடு இருக்கிற பிள்ளைக்கு எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிரியாவை என் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள். அவள் பார்க்க வேண்டும் என்றுதான் அத்தனையும் செய்தது.

அன்றைக்கே அவள் போனைத் தனபால் அம்மிக்கல்லில் வைத்து உடைத்தார். பிளஸ் டூவில் அத்தனை மார்க் வாங்கியும் காலேஜ் கிடையாது என்றார்கள். அதற்கெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. பாட்டு கேட்கணும், அது மட்டும் வேணும் என்றாள். சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள். நான் கெஞ்சியதற்கு உன் அப்பா அசையவில்லை. பட்டினி கெடந்து செத்துட்டா ரெண்டாவதுக்கும் காரியமான்னு ஊரு சிரிக்குமுங்க என்று பாப்பாயி அத்தை சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

எல்லாரும் காரில் சேலம் போனோம். பாட்டுக் கேட்பதற்கென்றே தனி மெஷின் விற்கிறார்கள். பார்த்தால் போன் மாதிரியே இருக்கும், போன் இல்லை. கடைத் தம்பி ஆசையாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஒன்றில் நெட்டு வரும் என்றான். அப்பா தள்ளிவிட்டார். அடுத்ததில் புளூடூத் இருக்குதுங்க என்றான். அப்பிடின்னா என்ன தம்பி என்று தனபால் கேட்டார். ஒயரே இல்லாம இன்னொருத்தர் போனோட சேந்துக்கும்ங்க என்றான் அவன். மூத்தவ அப்பிடித்தான் சேந்துக்கிட்டா, மொதல்ல அதத் தூக்கி உள்ள வையி என்றார் தனபால். அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். பிரியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொன்றில் பேச்சைப் பதிய மைக் இருந்தது, அதுவும் ஆகாது என்றார்கள். கடைத் தம்பி குழம்பிப்போய், எல்லாரும் என்ன இருக்குதுன்னு கேப்பாங்க, நீங்க என்ன இல்லைன்னு கேக்கறீங்களேங்க என்றான். ஆரோடயும் சேரக் கூடாது, ஆரு கூப்பிட்டாலும் அதுல வரக் கூடாது, ஆனாப் பாட்டு மட்டும் ஒசத்தியா இருக்கோணும், எங்க புள்ளைக்கு மட்டமானது வாங்கிக் குடுத்தம்னு நாளைக்கு ஒருத்தன் பேசிரக் கூடாது என்றார் உன் அப்பா.

கடைசியில் ரெண்டு மெஷின் மிஞ்சியது. காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்செட்டை அந்தத் தம்பி அவளுக்கு மாட்டிவிட்டான். முதலாவதைக் கேட்டபோது அவள் முகம் அப்படியே இருந்தது. அடுத்ததைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. என்ன பாட்டு என்று எனக்குக் கேட்கவில்லை. கடைத் தம்பிக்கு ஒரே பெருமை. பாத்தீங்களா, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக் கேக்கும்ங்க, குவாலிட்டிக்கே அழுவறாங்க என்றான். அழுவறாளா, அப்ப இதையே கட்டு என்றார் தனபால்.

வீட்டுக்கு வந்ததும் தனபால் தன் இஷ்டத்துக்குப் பாட்டு ஏற்றின மெமரி கார்டை அதில் சொருகினார். வேறு கார்டு யாராவது கொடுத்துவிடக் கூடாது என்று, மோட்டார் குழாய் ஒழுகினால் வைக்கிற பசையை உருட்டி அந்த ஓட்டையை அடைத்தார். கல்லு மாதிரி இறுகிக்கொண்டது. மாரியம்மன் நோம்பிக்கு மைக் செட்டில் அலறுமே, அந்தப் பாட்டுகள்தான் எல்லாம். அவ்வளவு ஒசத்தி மெஷினில் திரும்பத் திரும்ப அதையே கேள் என்று விட்டுவிட்டார்கள். அவளும் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் மாட்டிக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கொஞ்ச நாளில் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். கட்டில், பீரோ மாதிரி அவளை வைத்துக்கொண்டே எல்லாப் பேச்சும் பேசினார்கள்.

மாப்பிள்ளை திருச்செங்கோட்டுப் பக்கம், பெயர் சிவக்குமார். தனபாலோடு சேர்ந்து போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிறார்கள். பெண் பார்க்க வந்தபோது அவன் அம்மா, பொண்ணு போனு வெச்சிருக்குதுங்களா என்றுதான் முதலில் கேட்டாள். உன் அப்பா ஜாதகத்தோடு அந்த மெஷினையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். அந்தம்மா அதை நாலு பக்கமும் திருப்பினாள். பசை வைத்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். புள்ளைய வளத்துனா இப்பிடியல்ல வளத்தோணும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை பிரியாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஹெட்செட்டை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, நல்லாத்தான் இருக்குது, கல்யாணம் முடிஞ்சா இத நான் வண்டிக்கு எடுத்துக்கறேன், ஊட்டுல இருக்கறவளுக்கு எதுக்குப் பாட்டு என்றான். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

போன வாரம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஹெட்செட்டைக் கழற்றாமலே பேசினாள். அம்மா, இதுல பாட்டே ஓடலை, எப்பவோ நிறுத்திட்டேன், சும்மாதான் மாட்டியிருக்கறேன், இவங்க பேசறது எல்லாம் கேக்குது என்றாள். நான் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், மனசைக் கல்லாக்கிக்கொண்டு படி. சின்னவ கல்யாணம் முடியட்டுங்ண்ணா, அப்பறம் பெரியவளுக்கு ஒரு போனப் போட்டு, உங்கம்மாளுக்கு முடியலை, கடைசியா மொகத்தப் பாக்கோணும்ங்குதுன்னு சொன்னா ஓடி வருவா, அவனையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவா, வர்ற தடத்துலயே ரெண்டு பேரையும் பாத்துக்கலாம் என்று தனபால் சொல்லியிருக்கிறார். உன் அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, அவளுக்குத்தான் காரியமே முடிஞ்சிருச்சேடா, இனி அதுல என்ன பாவம் என்றாராம். ரெண்டடி தள்ளிக் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டி இதைக் கேட்டிருக்கிறாள் என் பிள்ளை. அழவும் முடியாது. பாட்டுக் கேட்கிறவள் எதற்கு அழுகிறாள் என்று சந்தேகம் வந்துவிடும்.

நாளைக்கு ஆண்கள் ரெண்டு பேரும் திண்டுக்கல் பக்கம் பத்திரிகை வைக்கப் போகிறார்கள். வாழைக்காட்டு வழியாகப் பிரியாவைக் கூட்டிக்கொண்டுபோய் யாழினி நம்ம வேலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏற்றிவிடுவாள். நாமக்கல், சேலம், அப்புறம் பெங்களூரு என்று மாறுகிற இடமெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிரியா எங்கே என்று பாப்பாயி அத்தை கேட்டால், உள்ளே பாட்டுக் கேட்கிறாள் என்பேன். கதவைத் தட்ட மாட்டாள். தட்டிப் பிரயோசனமில்லை என்று அவளுக்குப் பழகிப்போய்விட்டது. மெஷினைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை கேட்டாரே.

போலீஸ் வந்தால் என் விருப்பத்தில்தான் வந்தேன் என்று அவளே எழுதிக் கொடுக்கட்டும். பத்தொன்பது முடிந்துவிட்டது. அறிவு மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மாப்பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்ல இந்த வீட்டில் இடமில்லை. கடிதத்திலாவது சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு என்ன ஆகும் என்று ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். அடி விழும், அது புதுசில்லை. பிரியாவுக்கும் காரியம் செய்வார்கள், அந்தப் பந்திக்கும் நான்தான் அடுப்பில் நிற்பேன்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் சாமி. போன் வரும். அம்மாவுக்கு முடியவில்லை என்று வரும். வராதீர்கள். என்னையே பேச வைப்பார்கள். வந்துட்டுப் போ கண்ணு, உன்னப் பாக்கோணும்னு இருக்குது என்று நானே அழுதாலும் வராதீர்கள். அது நான் நிஜமாகவே அழுவதாகத்தான் இருக்கும், அப்போதும் வராதீர்கள். செத்துப்போனேன் என்று சொல்வார்கள். ஒரு நாள் அது பொய்யாக இருக்காது. அன்றைக்கும் அங்கேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அவளைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டு, நீ வேலைக்குப் போ.

தீர்க்காயுசோடு இருங்கள், தூரமாகவே இருங்கள்.

உங்கள் ரெண்டு பேரையும் பெற்ற
மயிலம்மாள்