பைலுக்குள் கிடந்த கடிதம்

2025 ஒக்டோபர் 7
பிரஷர் குளிசை முடிந்துவிட்டது. மருந்துச் சீட்டுக்காக மத்தியானம் டொக்டரின் கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். அங்கே வேலைசெய்யும் பிள்ளை கேட்டாள்: "அன்ரி, ஏன் நீங்கள் ஸ்பெஷலிஸ்ட்டிட்ட ரெண்டு தரமும் போகேல்லை?"

எந்த ஸ்பெஷலிஸ்ட்? ஏப்ரலில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்தேன் அல்லவா, அதில் வைரஸ் இருக்கிறதாம். எச்.பி.வி, பதினாறாம் வகை. கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாக மாறக்கூடியதாம். "லெட்டர் வந்திருக்குமே, அன்ரி."

வரவே இல்லை என்று அந்தப் பிள்ளையோடு சண்டை பிடித்தேன்.

அதே நாள், பின்னேரம்
கடிதம் வந்திருக்கிறது. மே மாதத்திலேயே! என் மனிசன் வினோதன்தான் உடைத்து வாசித்திருக்கிறார். ஸ்பெஷலிஸ்ட் அனுப்பிய கடிதங்களும் அதோடு. எல்லாம், மகள் சிவானி பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியவீட்டு மண்டப ஒப்பந்தம் வைத்த பைலுக்குள்—

"பிள்ளையின்ர சாமத்தியவீடு முடியட்டும் எண்டு நினைச்சன். நல்ல காரியத்தை வைச்சுக்கொண்டு உதை எப்பிடிச் சொல்லுறது? பிறகு லண்டன் சொந்தக்காரர் வந்து நிண்டவை. பிறகு... எனக்குப் பயமா இருந்தது."

உங்களுக்குப் பயமோ? உடம்பு ஆருடைய உடம்பு?

ஒக்டோபர் 9
ஜூனில் சாமத்தியவீட்டில் ஆலாத்தித் தட்டுச் சுற்றும்போது நான் மேடையில் நானூறு பேருக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரித்தார்.

ஒக்டோபர் 12
நியாயமாக எழுதவேண்டும். அவருடைய தமையன் செத்த செய்தியை சிவானியின் பள்ளிக்கூடச் சோதனை முடியும்வரை அவளுக்குச் சொல்லாமல் மறைத்தது நான்தான். எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். அன்பு என்றுதான் நினைக்கிறோம்.
ஆனால் செத்தவருக்கு அதற்குப் பிறகு ஒன்றும் ஆகாது. நான் உயிரோடு இருக்கிறேனே!

ஒக்டோபர் 21
அவரை வரவேண்டாம் என்றுவிட்டேன். மிசிசாகாவில் என்னோடு வேலைசெய்யும் மெலிசா லீவு எடுத்து ஸ்பெஷலிஸ்ட்டிடம் கூட்டிப்போனாள். "அக்கா, டோன்ற் ஆர்க்யூ. ஏறுங்கோ."

பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்தார்கள். வினாகிரி மணக்கும் ஏதோ பூசி, இரண்டு இடத்தில் துண்டு எடுத்தார்கள். உடலுறவில் தொற்றுகிற வைரஸாம். இது யாரிடமிருந்து வந்தது என்று நேர்ஸிடம் கேட்டேன். பத்து இருபது வருடம் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்குமாம், யாரென்று சொல்லவே முடியாதாம். அவர் பயந்தது இதற்கும்தானோ? கேட்டாலும் சொல்லமாட்டார்.

நவம்பர் 10
புற்றுநோய் இல்லை. ஆனால் அதற்கு முந்தின நிலை, மூன்றாம் தரம். அந்தப் பகுதியை வெட்டவேண்டும். வெட்டியதைச் சோதித்தால்தான் உள்ளே வேறொன்றும் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாமாம். ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது?

டிசம்பர் 2
விறைக்க ஊசி போட்டு, சூடான கம்பி வளையத்தால் வெட்டி எடுத்தார்கள். பத்து நிமிடம்கூட இல்லை. இந்தப் பத்து நிமிட வேலைக்கா ஐந்து மாதம்!

டிசம்பர் 19
வெட்டியதன் ஓரங்கள் சுத்தம். உள்ளேயும் புற்றுநோய் இல்லை. ஐந்து மாதம் பெரிதாக எதையும் மாற்றியிருக்காது, வருடக்கணக்கில் விட்டிருந்தால் வேறு கதை என்றார் டொக்டர். திரும்பவும் வரலாம் என்பதால் பல வருடங்களுக்குச் சோதனை தவறக்கூடாதாம்.

வீட்டில் சொன்னேன். குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து விம்மி விம்மி அழுதார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"பாத்தீரே, ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

இருபத்திரண்டு வருடம் இந்த மனிசனோடு. ஒண்டும் நடக்கேல்லையாம்.

2026 ஜூன் 16
ஆறாம் மாதச் சோதனை. இப்போதெல்லாம் எங்கே போவதென்றாலும் அவரே கூட்டிவருகிறார். வாசலில் இறக்கிவிட்டு, "நான் இஞ்சை காருக்குள்ள இருக்கிறன், ஆறுதலா வாரும்" என்றார்.

உள்ளே ஒரு படிவம் தந்தார்கள். அவசரமென்றால் யாருக்கு அறிவிப்பது என்று ஒரு கேள்வி. யோசிக்கவே இல்லை. மெலிசாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.