பொங்கல் லீவில் வந்த பறவைகள்

இன்று மதியம் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க என் மேஜை அருகே வந்து நின்றாள். அவள் துப்பட்டாவிலிருந்து அந்த வாசம் வந்தது. சாயப்பட்டறைக்கு அருகில் குடியிருப்பவர்களின் துணியில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசம். அழுகின முட்டையும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்தது. கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகும் வாசம் கொஞ்ச நேரம் இருந்தது. "எங்க வீட்டு சென்ட்டு, காசு குடுக்காமலே கெடைக்கு" என்று நீ சொல்வது காதில் கேட்டது. அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

வேலம்பாளையத்தில் உங்கள் லைன் வீட்டின் பின்சுவரும் பட்டறையின் சுவரும் ஒன்று. உன் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனவர். அம்மா இன்னொரு கம்பெனியில் செக்கிங். நான் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர், நீ ஆராய்ச்சித் திட்டத்துக்கு வந்த உதவியாளர். அது காகிதத்தில். குளத்தங்கரையில் இறங்கிவிட்டால் நீ சொல்கிற இடத்தில்தான் நான் நிற்க வேண்டும். "ஏனுங்க, டீ சாப்புடலாங்களா" என்று நான் கேட்டால் உனக்குச் சிரிப்புத் தாங்காது. "ஏட்டி, நான் என்ன ஒன் மாமியாரா? நீன்னு சொல்லு" என்பாய். எங்கள் ஊரில் கன்றுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவோம் என்று கல்லூரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாய். கடைசிவரை எனக்கு நாக்கு வளையவில்லை. இப்போது எழுதும்போது "நீ" தானாக வருகிறது. வந்து என்ன பிரயோஜனம்.

அந்தக் குளத்தை நான் முதலில் பார்த்தது உன்னோடுதான். இந்த ஊர்க்காரி நான், பக்கத்து ஊர்க் குளத்தைப் பார்த்ததில்லை. ஓடை வழியாகச் சாயத்தண்ணீர் வந்து சேரும். ஒரு நாள் ரோஜா நிறம், மறுநாள் கருநீலம். வெளிநாட்டுக்காரன் இந்த சீசனுக்கு என்ன கலர் கேட்டிருக்கிறான் என்று குளத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பாய். செத்துப்போன குளம்தானே, மண்ணடித்து நிரப்பிக் கட்டடம் கட்டலாம் என்று அப்போது பேச்சு அடிபட்டது. கரையில் தென்னந்தோப்பு வைத்திருந்த சின்னச்சாமி ஐயா நான்கு விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டார். குளம் போனால் அவர் கிணறும் போய்விடும். "தண்ணி கெட்டிருந்தாலும் தண்ணிதானுங்களே. என்னைக்காவது நல்லாகும். மேல கட்டடம் வந்துட்டா அதுக்கும் வழியில்லீங்க" என்றார். பறவைகள் வருகின்றன என்று படித்தவர்கள் எழுதிக் கொடுத்தால் நிறுத்தி வைப்பார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

வலசைப் பறவைகள் இருக்கிற மாதம், கல்லூரிக்கும் விடுமுறை, மாணவர்களும் ஓய்வாக இருப்பார்கள் என்று பொங்கலில் எண்ணுவதாக முடிவு செய்தோம். அதற்கு முன்பும் யார் யாரோ வந்து எண்ணியிருக்கிறார்கள். எல்லோரும் பொங்கலில்தான். உன் வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போக, நீ மட்டும் போகவில்லை. மாப்பிள்ளை பார்க்கிற வயதில் கொக்கு எண்ணுகிறாள் என்று அம்மா பஸ் ஏறுகிற வரைக்கும் புலம்பியதாகச் சொன்னாய். தெற்கே போகிற பஸ்களில் ஜனம் பிதுங்கி வழிந்து போய்ச் சேர்ந்த பிறகு ஊர் காலியாகிவிட்டது. கம்பெனிகளும் பட்டறைகளும் பூட்டிக் கிடந்தன. குளத்தங்கரையில் கொட்ட வரும் குப்பை லாரிகளும் வரவில்லை.

அன்று காலை மூடுபனி விலகியதும் நீ என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. ஓடை வந்து சேரும் ஆழமில்லாத பகுதி முழுக்க நாமக்கோழிகள், நெடுங்கால் உள்ளான்கள், புள்ளிமூக்கு வாத்துகள். நடுவில் கூழைக்கடாக்கள் கூட்டமாக மீன் தேடிக்கொண்டிருந்தன. மாணவர்கள் சத்தம் போடாமல் இருக்கப் பட்ட பாடு. எண்ணி எண்ணி விட்டுப் போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். சின்னச்சாமி ஐயா கரும்புக் கட்டோடு வந்தார். செய்தித்தாளில் படம் வந்தது. கலெக்டர் அலுவலகத்தில் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். நான் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

கம்பெனி திறந்த மறு வாரம் நீ போன் செய்தாய், இன்னொரு தடவை போய் வரலாம் என்று. போதும், எண்ணியாகிவிட்டது என்றேன். நீ கேட்கிற ஆளா? போனோம். தண்ணீர் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது, ஓரமெல்லாம் நுரை. உள்ளான்கள் நின்ற இடத்தில் ஒன்றுமில்லை. தூரத்துப் பட்டமரத்தில் சில நீர்க்காகங்கள் மட்டும் சிறகை விரித்துக்கொண்டிருந்தன. அந்த வாரம் முழுக்கப் போனோம். அதே கதைதான். பறவைகள் வேறு குளங்களைப் பார்த்துப் போய்விட்டன. நீ மதகுமேல் உட்கார்ந்து நோட்டில் பொங்கல் எண்ணிக்கை எழுதிய பக்கத்தைத் திருப்பினாய். பிறகு சொன்னாய்.

"நாம கொளத்த எண்ணலட்டி. லீவ எண்ணிருக்கோம்."

இந்த ஊரில் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். வருடம் முழுக்க ஓடுகிற ஊர் மூச்சு விடுகிற ஒரு வாரத்தைப் பார்த்து இதுதான் குளம் என்று எழுதியிருந்தோம். எழுதியதை அப்படியே கொடுத்துவிடலாம் என்றேன் நான். பொய் இல்லையே, பறவைகள் வந்தது நிஜம்தானே. பொய் இல்லை, பாதி என்றாய். டீ ஆறிப்போகிற வரை வாதாடினோம். இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னாய். "சாயம் நின்ன ஒரு வாரத்துல இம்புட்டு உசுரு திரும்பி வருது. செத்த கொளத்துக்கு அப்பிடி வருமா? இதவிட வேற என்ன ஆதாரம் வேணும்?" உன் பேச்சில் நியாயம் இருந்தது. கேட்கிறவர்களிடம் அந்த நியாயம் செல்லுபடியாகுமா என்பதுதான் என் பயம்.

செல்லுபடியாகவில்லை. கூட்டத்தில் நீ நிறுத்தி நிதானமாகத்தான் விளக்கினாய். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இரண்டாவது எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டார். வருடத்தில் ஒரு வாரம்தான் பறவை இருக்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள் என்று சிரித்தார், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் சின்னச்சாமி ஐயா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "கைக்கு எட்டுனத நீங்களே தட்டி உட்டுட்டீங்களே அம்மிணி." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன். "ஏனுங்க, இந்த ஒரு நாள் வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதுங்களா?" நீ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய். "அடுத்த வருசம் எவனாச்சும் வேல நாள்ல வந்து எண்ணுவான். நம்மளப் பொய்யின்னு சொல்லுவான். பெறகு நாம எதச் சொன்னாலும் எடுபடாது." அதோடு விட்டுவிட்டாய். நான் என் நிறுத்தத்தில் இறங்கிப் போனேன். வாரக்கணக்கில் உன்னோடு சரியாகப் பேசவில்லை. உனக்கு அது வலித்தது என்று தெரியும். எனக்கும்தான் வலித்தது.

குளத்தில் பாதியை நிரப்பிவிட்டார்கள். மிச்சப் பாதி உன் பேச்சால் தப்பியது என்று எழுத ஆசைதான். எல்லைத் தகராறு ஒன்றால்தான் தப்பியது. ஆதாரமில்லாமல் உனக்குப் பெருமை சேர்த்தால் நீயே அடித்துத் திருத்துவாய். மஞ்சள் காமாலையில் நீ போனபோதும் அப்படித்தான். தண்ணீர்தான் காரணம் என்று அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மா என் தோளில் சாய்ந்து அழுதபோது மட்டும் சொல்லிவிடலாமா என்றிருந்தது. யாரையாவது குற்றம் சொன்னால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பொங்கலுக்கு ஒரு தடவை, கம்பெனி திறந்த பிறகு ஒரு தடவை என்று இன்னமும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பழக்கம். மாணவர்கள் முதல் தடவைக்கு வேன் நிறைய வருகிறார்கள், இரண்டாவது தடவைக்கு யாரும் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாற்றத்தில் நின்று வெறும் தண்ணீரைப் பார்க்க யாருக்குப் பிடிக்கும்? எனக்கே அலுத்துவிட்டது. அறிக்கை எழுதி அலுத்துவிட்டது, கூட்டங்களுக்குப் போய் அலுத்துவிட்டது. சின்னச்சாமி ஐயா தோப்பில் பாதி மரங்கள் மொட்டை. என்னைக் கண்டால் எழுந்து வந்து, "வாங்க அம்மிணி, இந்த வருசம் வந்திருக்குதுங்களா?" என்று கேட்பார். நான் உள்ளதைச் சொல்வேன். இளநீர் வெட்டிக் கொடுப்பார்.

போன வாரம் ஒரு போன். எல்லைத் தகராறு தீர்ந்துவிட்டது, மிச்சப் பாதியையும் நிரப்பப் போகிறார்களாம். அதைத் தடுக்க ஓடிக்கொண்டிருக்கிற இளைஞர் ஒருவர்தான் பேசினார். நல்ல பையன், ஊர் மேல் பாசம் உள்ளவன். "பொங்கல் எண்ணிக்கை மட்டும் குடுத்தாப் போதுங்க மேடம், நாளைக்கே பேப்பர்ல வந்துரும். மத்தது எதுக்குங்க, வீண் கொழப்பம்" என்றார். சின்னச்சாமி ஐயாவின் முகம் கண்ணில் நின்றது. கொடுத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ரெண்டையும் சேத்துப் போட்டாத்தானுங்க குடுப்பேன்."

அவர் கேட்டார், ஏனுங்க மேடம், நல்லதுக்குத்தானே கேட்கிறோம் என்று. இரண்டும் ஏன் வேண்டும் என்று விளக்கினேன், நீ விளக்கிய மாதிரியே. யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். அதன் பிறகு கூப்பிடவில்லை.

செய்தது சரியா என்று தெரியவில்லை. அன்றைக்கு உனக்கும் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அத்தனை நிச்சயமாக நீ பேசியதெல்லாம் எனக்காகத்தான் போலிருக்கிறது. உனக்காவது ஏன் இப்படிச் செய்தாய் என்று கோபித்துக்கொள்ளப் பக்கத்தில் நான் இருந்தேன்.